நூல் கட்டிய யானை

அக்டோபர் 28

வணக்கத்துக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. கோடையில் எழுதிய கடிதத்துக்கும் அதற்கு முன்பு எழுதியதற்கும் தங்களிடமிருந்து மறுமொழி இல்லை. தாங்கள் நடத்தும் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் சமையலம்மா எடுத்து, "அம்மா பிரார்த்தனையில இருக்காங்க" என்கிறார். காலையில் அழைத்தாலும் பிரார்த்தனை, உச்சிப்பொழுதில் அழைத்தாலும் பிரார்த்தனை. தங்கள் பக்தி நான் அறியாததன்று. ஆனாலும் இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருக்க இறைவனுக்கே பொழுது இருக்குமா என்று ஐயமாக இருக்கிறது.

ஆண்டிறுதி விடுமுறை நெருங்குகிறது. எங்கள் பாராசூட் படைப்பிரிவில் பொம்மை சேர்க்கும் வேலை தொடங்கிவிட்டது. மேலிடத்து ஆணை எதுவும் இல்லாமல், வீரர்கள் தாமாக முன்வந்து செய்யும் வேலை இது ஒன்றுதான் என்பது தங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு பொம்மை வாங்கி, அதை நெஞ்சுப் பட்டையில் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். பாராசூட்டை நாங்கள் குடை என்போம். குடைப்பையின் வாயைக் கட்டியிருக்கும் சிவப்பு நூல், குடை வெளியே வரும்போது அறுந்துபோகும். தரையிறங்கியதும் அந்த அறுந்த நூலைப் பொம்மையின் கழுத்தில் கட்டுவோம். நூல் கட்டிய பொம்மை என்றால் வானத்திலிருந்து வந்த பொம்மை. தங்கள் இல்லத்துப் பிள்ளைகள் பொம்மை கைக்கு வந்ததும் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைத்தான் தடவுவார்கள்.

சென்ற ஆண்டு இதே குதிப்பில்தான், கொக்கு என்று நாம் அழைத்த நம் நெட்டைப் பிள்ளையை இழந்தோம். தங்கள் இல்லத்தில் வளர்ந்து எங்கள் படையில் சேர்ந்தவன். இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. அதனால் இவ்வாண்டு வேண்டாம் என்றார் கமாண்டர். வீரர்கள்தாம் கேட்கவில்லை. "கொக்கு இருந்தா நிறுத்த விட்டிருப்பானா சார்? அந்த நெட்டைக் காலை வெச்சு உதைச்சிருப்பான்" என்றான் ஒருவன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளே பொம்மைகள் வரத் தொடங்கின.

அவற்றைத் தங்கள் வாசலுக்கு நான் கொண்டுவரலாமா? இந்த ஆண்டோடு எனக்குப் பணி ஓய்வு. இதுவே கடைசி முறை.

இன்னொன்று. அவன் அன்று நெஞ்சில் கட்டியிருந்த துணி யானை பண்டக அறை அலமாரியில் இருக்கிறது. ஒருவரும் அதைத் தொடுவதில்லை. எறிந்துவிட எவருக்கும் துணிவும் இல்லை. அது இல்லத்துச் சிறுமி பட்டாணிக்கென்று அவன் வாங்கியது. என்ன செய்யட்டும்?

பணிவுள்ள,
தம்பி


நவம்பர் 6

தம்பிக்கு,

ஆசிகள். மூத்தவள் கொடுக்கக் கடமைப்பட்டதால் கொடுக்கிறேன். உள்ளம் நிறைந்து கொடுப்பதாக எண்ணிவிடாதே.

நான் பிரார்த்தனையில் இருப்பதாகச் சமையலம்மா சொல்வது மெய். அங்கே என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. நம் தந்தையார் நமக்கு வாய்ப்பாடமாகச் சொல்லித்தந்த துதிகளை இன்றும் ஒன்று விடாமல் ஓதுகிறேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓரிடத்தில் இறைவனைக் 'காப்பவன்' என்று அழைக்க வேண்டியிருக்கிறது. அவ்விடம் வந்ததும் நா நின்றுவிடுகிறது. அச்சொல்லைத் தாண்டிக் குதித்து அடுத்த அடிக்குப் போகிறேன். குதிக்க நானும் கற்றுக்கொண்டேன், பார்.

உங்கள் வீரர்கள் முதன்முதலில் இந்த முற்றத்துக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? கொக்கு அப்போது பால்பல் விழும் பருவத்துப் பிள்ளை. அவனுக்கு நூல் கட்டிய மரக்குதிரை ஒன்றைக் கொடுத்தீர்கள். குதிரையை மறுநாளே வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான். நூலை மட்டும் வைத்துக்கொண்டான். அது நைந்து இற்றுப்போகும் வரை அவன் மணிக்கட்டை விட்டு இறங்கவில்லை. இற்றுப்போன பிறகு, இல்லாத நூலைத் தடவியபடியே வகுப்பில் உட்கார்ந்திருப்பான். அன்றே நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் பொம்மையைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டீர்கள்.

விசாரணை முடிவைப் படித்தேன். குடை வெளியே வந்தது, விரியவில்லை, மாற்றுக்குடை அதனோடு சுற்றிக்கொண்டது, மடித்தவர், சோதித்தவர், அனுப்பியவர் எவர் மீதும் பிழையில்லை. அனுப்பியவன் நீ. விமானக் கதவருகே நின்று ஒவ்வொருவன் தோளிலும் தட்டி வெளியே விடுகிறவன் நீ. உன்மீது பிழையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எவருடைய பிழையும் இல்லாமலே ஒரு பிள்ளை இறந்துவிட முடியும் என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

அடக்கத்தன்று உன்னிடம் ஒன்று கேட்டேன்: கதவருகே அவன் உன்னிடம் கடைசியாக என்ன சொன்னான்? நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஓராண்டாகக் கடிதம் எழுதுகிறாய். ஒரு கடிதத்திலும் அதற்கு விடையில்லை. அதைச் சொல்லாமல், பொம்மை கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாய்.

வேண்டாம். வாசல் திறக்காது.

அக்கா


நவம்பர் 15

அக்காவுக்கு,

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பணிக்குப் போனேன். அன்று பயிற்சிக் குதிப்பு.

முன்பெல்லாம் விமானம் ஏறும்போது இளைஞர்கள் என்னைக் கேலி செய்வார்கள். "பயப்படாதடா, சார் ஒரு தட்டு தட்டினா சொர்க்கமே தெரியும்." நானும், "தெரியட்டும், ஆனா சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துடு" என்பேன். அந்தக் கேலி அடியோடு நின்றுவிட்டது. இப்போது சிலர் என் கை தோளில் படுவதற்கு முன்பே குதித்துவிடுகிறார்கள். விதிப்படி அது தவறு, கண்டிக்க வேண்டும். நான் கண்டிப்பதில்லை. காற்றில் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அடுத்தவனைப் பார்க்கிறேன்.

தாங்கள் கேட்டதைக் கேட்காதீர்கள். பெரிய சொல் எதுவும் அங்கே சொல்லப்படவில்லை. தங்களுக்கென்று அவன் எதையும் சொல்லியனுப்பவில்லை. நான் அவனை ஒரு சிறு காரியத்துக்காக அதட்டினேன். ஒரு மனிதப்பிறவி கடைசியாகக் கேட்ட குரல் என் அதட்டல். அதைத் தாங்கள் விரிவாகக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

நானும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் படைச் சமையல்காரர் சென்ற வாரம் காய்கறிச் சந்தைக்குப் போனார். அங்கே தங்கள் சமையலம்மாவும் பட்டாணியும் வந்திருக்கிறார்கள். சீருடையைப் பார்த்த பட்டாணி ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம்.

"எங்க கொக்கு அண்ணன் எப்ப வருவாரு?"

"யாரு கண்ணு?"

"கொக்கு அண்ணன். வேற ஊருக்கு மாத்திட்டாங்கல்ல? லீவு குடுக்க மாட்டீங்களா? உங்க பெரிய சார்கிட்ட நான் கேக்கறேன்னு சொல்லுங்க."

பின்னால் சமையலம்மா வாயில் விரல் வைத்துக் கண்களால் கெஞ்சினாராம். எங்கள் சமையல்காரர் பெரிய வாயாடி; எதற்கும் பதில் வைத்திருப்பவர். தூக்க வந்த உருளைக்கிழங்கு மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிவந்தார். "சார், அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லலையா சார்?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்?

அக்கா, சிறுவயதில் நான் ஒரு பொய் சொன்னதற்காக என் காதைத் திருகி, "நம்ம வீட்டுக்குள்ள இது நுழையக் கூடாது" என்றவர் தாங்கள். அந்தக் காது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தம்பி


நவம்பர் 27

தம்பிக்கு,

உன் கடிதம் தைத்தது. தைக்க வேண்டும் என்றே எழுதினாய்; குறி தப்பவில்லை.

அன்று பிள்ளைகள் எல்லோரும் முற்றத்தில் நின்றிருந்தார்கள். மரங்களுக்கு அப்பால் உங்கள் மைதானத்தின் மேல் குடைகள் ஒவ்வொன்றாய் விரிவது இங்கிருந்து சிறிதாகத் தெரியும். "அதுதான் கொக்கு அண்ணன்", "இல்ல, இதுதான்", "போடா, அண்ணன்தான் நெட்டை, அண்ணன் குடை பெருசா இருக்கும்" என்று ஒரே கூச்சல். எல்லாக் குடைகளுக்கும் கையசைத்தார்கள். அவர்கள் கையசைத்தவற்றுள் ஒன்றும் அவனுடையதன்று. தொலைபேசி ஒலித்தது. உள்ளே போய் எடுத்தேன்.

சொல்லிவிடுவது என்றுதான் வெளியே வந்தேன். பட்டாணி என் புடவை முந்தானையைப் பிடித்து, "அண்ணன் எறங்கிட்டாரா?" என்றாள். நா புரண்டது. "அண்ணனுக்கு அவசரமா வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சாம்மா" என்றேன். அந்தப் பொழுதைக் கடத்தத்தான் சொன்னேன். ஆனால் பொய்யும் பிள்ளையைப் போன்றது. பெற்றால் வளர்க்க வேண்டும். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள், குளிர்ப்பிரதேசம் என்றேன். ஏன் கடிதம் இல்லை என்று கேட்டார்கள். மலைப்பாதை மூடிக்கிடக்கிறது என்றேன். நாள்தோறும் மறைநூலைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய்மையைப் போற்றும் பகுதிகளைப் படிக்காமல் தாண்டுகிறேன். இப்போது தாண்டுவதற்கு எனக்கு இரண்டு இடங்கள்.

ஆதலால் உன்னை நான் தண்டிக்கும் தகுதியில் இல்லை. உன்மீதுள்ள வருத்தத்தைப் பிள்ளைகள் மேல் காட்டவும் எனக்கு மனம் இல்லை. பொம்மைகளை அனுப்பு. ஆனால் மூன்று நிபந்தனைகள். சீருடை அணிந்த எவரும் வரக்கூடாது, நீயும் வரக்கூடாது. ஓட்டுநர் சாதாரண உடையில் வந்து, மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அந்த யானை வரவே கூடாது. அதைப் பார்த்தால் அவள் கேட்பாள். கேட்டால், இந்த முறை என் நாவு எந்தப் பக்கம் புரளும் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா


டிசம்பர் 9

அக்காவுக்கு,

மூன்று நிபந்தனைகளும் ஏற்கப்பட்டன. வீரர்களிடம் சொன்னேன். ஒருவன், "வாசலோட சரியா சார்? பொம்மையைக் குடுக்கறப்ப அதுங்க மூஞ்சியைப் பார்க்கறதுதான் சார் நமக்கு மிச்சம்" என்றான். இன்னொருவன் அவனை முழங்கையால் இடித்து, "ஏன், உன் மூஞ்சியைப் பார்த்து அதுங்க பயப்படறது போதாதா?" என்றான். அத்தோடு அவரவர் பொம்மைக்குப் பட்டை தைக்கப் போய்விட்டார்கள்.

பொம்மைகள் பண்டக அறையில் குவிந்திருக்கின்றன. கரடிகள், ரயில்கள், ஒரு கண் மட்டும் சிமிட்டும் பொம்மைக் குழந்தை. துப்பாக்கி பொம்மை எதையும் சேர்க்கக் கூடாது என்று வீரர்களே முடிவு செய்திருக்கிறார்கள். எவனோ ஒருவன் பொம்மை விமானம் கொண்டுவந்தான். மற்றவர்கள் அவனையே பார்த்தார்கள். திருப்பி எடுத்துக்கொண்டு போய் முயல் வாங்கிவந்தான்.

யானை அலமாரியிலேயே இருக்கும், கவலை வேண்டாம். பழைய பண்டகக் காப்பாளர் வேறு முகாமுக்குப் போய்விட்டார். அவருக்கு அது யாருடையது என்று தெரியும். அலமாரியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் உள்ளே விடுவார். புதிதாக வந்திருப்பவர் ஒழுங்கில் புலி. இந்தப் படைப்பிரிவின் வழக்கங்களையெல்லாம் வந்த அன்றே கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். நூல் கட்டிய பொம்மை இல்லாமல் பொம்மை வண்டி கிளம்பக் கூடாது என்பது எங்கள் பழைய வழக்கம். அதைக்கூட, "அப்படின்னா குறைஞ்சது ஒண்ணாவது இருக்கணும், இல்லையா சார்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். "ஒண்ணு என்னய்யா, எல்லாத்துலயும் இருக்கும்" என்றேன்.

வானிலைதான் மனத்தை அரிக்கிறது. இரண்டு நாட்களாக மைதானத்துக் கம்பத்தில் காற்றின் வேகம் காட்டும் துணிப்பை கிடைமட்டமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

தம்பி


டிசம்பர் 20

அக்கா,

இதை மோட்டார் சைக்கிளில் ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் அழைத்தேன், "அம்மா பிரார்த்தனையில" என்று சொல்லிச் சமையலம்மா வைத்துவிட்டார். மறுபடியும் அழைத்தேன், எடுக்கவில்லை.

காற்று ஓயவில்லை. குதிப்பு ரத்தாகிவிட்டது. வீரர்கள் நெஞ்சில் பொம்மையோடு விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்து, அப்படியே இறங்கிவிட்டார்கள். பொம்மைகளையாவது உரிய நாளில் அனுப்பிவிடலாம் என்று வண்டியில் ஏற்றச் சொன்னேன். ஒன்றிலும் நூல் இல்லையே என்று யோசித்த புதிய காப்பாளர் அலமாரியைத் திறந்திருக்கிறார். நூல் கட்டிய ஒரே பொம்மை அங்கே இருந்திருக்கிறது. வழக்கம் கெடவில்லை என்ற நிறைவோடு அதை மேல் மூட்டையில் வைத்து அனுப்பிவிட்டார். அவரை நோக முடியவில்லை. அது யாருடையது என்று நான் அவருக்குச் சொல்லாமல் விட்டேன்.

மூட்டைகளைப் பிள்ளைகள் முன் பிரிக்காதீர்கள்.

தம்பி


டிசம்பர் 22

தம்பிக்கு,

உன் ஆள் வருவதற்குள் மூட்டைகள் பிரிக்கப்பட்டுவிட்டன.

நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன். கூடத்தில் பொம்மைகளைக் கொட்டினோம். பிள்ளைகள் விழுந்தடித்து எடுத்தார்கள். எடுத்த கைகள் எல்லாம் கழுத்துக்குப் போயின. "இதுல நூல் இல்ல." "இதுலயும் இல்ல." "எனக்கு வந்த கரடிக்கும் இல்ல." காற்று பலமாக இருந்ததால் குதிக்கவில்லை என்று, கடைசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் சொன்னார். "அப்ப இதெல்லாம் சும்மா கடை பொம்மை" என்றான் ஒருவன். விளையாட்டு அவிந்துபோயிற்று. அப்போதுதான் ஓரத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "இருக்கு! யானைக்கு இருக்கு!"

எல்லோரும் அதன்மேல் பாய்ந்தார்கள். பட்டாணி எவ்வளவு சிறியவள் என்று உனக்குத் தெரியும். அத்தனை பேருக்கு நடுவே புகுந்து யானையைப் பிடுங்கி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் கவிழ்ந்துவிட்டாள்.

"குடுடி, உன் பேரா எழுதியிருக்கு?"

"என்னுதுதான். கொக்கு அண்ணன் எனக்கு யானைதான் கொண்டு வருவேன்னு சொன்னாரு."

சொன்னவள் சட்டென்று எழுந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணன் வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். வண்டியின் முன்பக்கம் ஏறிப் பார்த்தாள். பின்பக்கத் துணியை விலக்கிப் பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள். ஓட்டுநர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அவளைப் பின்தொடர்ந்து போனேன். முந்தானையை அவள் பிடிக்கவில்லை. நானே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொக்கு இறந்துவிட்டான் என்று சொன்னேன். இறைவன் திருவடியை அடைந்தான் என்று சொல்லவில்லை. விண்ணில் விளக்காய் நிற்கிறான் என்று சொல்லவில்லை. அத்தனை அணிகளையும் சூட்ட அன்று என் கைகளில் வலு இல்லை. குடை விரியாமல் விழுந்து இறந்துவிட்டான், போன ஆண்டே இறந்துவிட்டான், நான் பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன்.

பெரிய பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் மெல்ல அருகில் வந்து, "எங்களுக்குத் தெரியும்மா. நீங்க அழுவீங்கன்னுதான் கேக்காம இருந்தோம்" என்றாள். ஓராண்டாக நான் அவர்களைக் காத்து வருவதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

பட்டாணி அன்று அழவில்லை. யானையையும் கீழே வைக்கவில்லை. மறுநாள் காலை தலை வாரிக்கொண்டிருந்தபோது, பின்புறம் திரும்பாமலே கேட்டாள்: "அம்மா, அண்ணன் விழுந்தப்ப யானை பார்த்துச்சா?"

சீப்பைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்: "நான்தான் அண்ணன்கிட்ட சொன்னேன். யானை மூஞ்சி வெளிய தெரியற மாதிரி கட்டுங்க, அது எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்னு. அண்ணன் சரின்னாரு. அப்ப அது பார்த்திருக்கும்ல?"

அதிலிருந்து அவள் பாலைத் தவிர எதையும் தொடுவதில்லை. யானையின் கண்களைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டே படுக்கிறாள். கை நழுவினால் விழித்துக்கொள்கிறாள்.

நான் கற்ற எந்த நூலிலும் இதற்கு விடை இல்லை. கதவருகே நின்றவன் நீ ஒருவன்தான். முன்பு எனக்காகக் கேட்டேன், நீ மறுத்தாய். இப்போது அவளுக்காகக் கேட்கிறேன். யானை பார்த்ததா? ஆறுதலுக்காக எதையும் புனைந்து எழுதாதே. அந்தச் சரக்கு இந்த வீட்டில் தேவைக்கு மேல் சேர்ந்து கிடக்கிறது. பார்த்திருந்தால், பார்த்தது என்றே எழுது.

அக்கா


டிசம்பர் 26

அக்காவுக்கு,

எழுதுகிறேன்.

அன்று அவன் வரிசையில் மூன்றாவது. கதவு திறந்தாயிற்று. கொக்கியைச் சோதித்தேன், பட்டைகளைச் சோதித்தேன். நெஞ்சுக்கு வந்தபோது யானை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கறுப்புப் பித்தான் கண்கள். பொம்மையின் முகம் குதிப்பவன் நெஞ்சுப்பக்கம் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. வெளியே காற்று கத்திபோல் வீசும். பித்தான்களைப் பிய்த்துக்கொண்டு போகும். பின்னால் வருகிறவன் கண்ணில் அடிக்கும்.

"யானையைத் திருப்புடா" என்றேன்.

அவன் சிரித்தான். விமானத்துக்குள் என்னை அவன் ஒருநாளும் முறை சொல்லி அழைத்ததில்லை. அன்று அழைத்தான். "மாமா, பட்டாணி வெளிய பார்க்கணும்னு கேட்டா மாமா. இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சினம் வந்துவிட்டது. "இங்க யாருடா மாமா? மாமாவை எல்லாம் வீட்டுல வெச்சுக்க. திருப்பு!"

அவன் சிரிப்பு அடங்கியது. பட்டையைத் தளர்த்தி யானையைத் திருப்பினான். அதன் முதுகில் இரண்டு முறை தட்டிக்கொடுத்து, "அவகிட்ட நீங்களே சொல்லிக்குங்க, சார்" என்றான். நான் தோளில் தட்டினேன். போய்விட்டான்.

அக்கா, அந்தச் 'சார்' என்ற சொல்லைத்தான் ஓராண்டாக என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. தாங்கள் கேட்டபோதெல்லாம் குனிந்தது அதனால்தான். உறவு சொல்லி வந்தவனை, ஒரு பொம்மைக்காக, வெளியே நிறுத்தி அனுப்பினேன்.

மைதானத்தில் அவனிடம் முதலில் ஓடியது நான். பட்டையை அவிழ்த்து யானையை எடுத்ததும் என் கைகள்தாம். அது அவன் கட்டியபடியே இருந்தது. முகம் உள்நோக்கி. பித்தான் கண்கள் இரண்டும் அவன் சட்டைக்குள் அழுந்தியிருந்தன. அறுந்த நூலைத் தேடி எடுத்து அதன் கழுத்தில் கட்டினேன். அது குதித்தது, அதை இல்லையென்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் அது எதையும் பார்க்கவில்லை. இதில் புனைவு ஒரு சொல்லும் இல்லை. பட்டாணியிடம், அவன் வெளியே பார்க்கத்தான் கட்டினான் என்றும், மாமா திட்டித் திருப்பிவிட்டார் என்றும் சொல்லுங்கள். என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும்.

தம்பி


ஜனவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். இம்முறை மனமுவந்து.

உன் கடிதத்தைச் சமையலறை மேடையருகே வைத்துப் பட்டாணிக்குப் படித்துக் காட்டினேன். நீ அதட்டியதை ஒரு சொல்லும் குறைக்காமல் படித்தேன். யானையை மடியில் கிடத்தி, அதன் கண்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்.

"மாமா திட்டுனதால திருப்பிட்டாரா?"

"ஆமாம்மா."

"அப்ப யானை ஒண்ணுமே பார்க்கல?"

"இல்ல."

"அண்ணன் செத்துட்டாருன்னே அதுக்குத் தெரியாது?"

"தெரியாதும்மா."

உள்ளங்கையை எடுத்துவிட்டாள். யானையின் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டாள். என்னருகே சாய்ந்து, மூச்சாலேயே சொன்னாள்: "அப்ப யாரும் அதுகிட்ட சொல்ல வேண்டாம்."

அன்று இரண்டு கவளம் உண்டாள்.

மறுநாளிலிருந்து இல்லத்தில் புதிய ஒழுங்கு ஒன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. பெரிய பிள்ளைகளும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள். யானை இருக்கும் அறையில் எவரும் அழக் கூடாது. அழுவதென்றால் துணி துவைக்கும் கல்லுக்குப் போக வேண்டும். நேற்று நான் போனபோது சமையலம்மா அங்கே எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

துதி ஓதும்போது அந்த ஒரு சொல்லில் நா இன்னமும் நிற்கிறது. அதைப் பற்றி உன்னிடம் பொய் சொல்வதற்கில்லை. வாய்மைப் பகுதியை மட்டும் திறந்து படித்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தபோது, யானை எதிரே இருந்தது.

உனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. இனி எங்கே போய் இருக்கப்போகிறாய்? இங்கே வா. வாசல் திறந்திருக்கும். சீருடை வேண்டாம். உள்ளே நுழைந்ததும் என்னிடம் வர வேண்டாம். கூடத்து ஜன்னலருகே போ. யானை அங்கேதான் இருக்கும். மாமா வந்தால் அது முதலில் கொக்கைத்தான் விசாரிக்கும் என்கிறாள் பட்டாணி. விசாரித்தால், குரல் தழுதழுக்காமல் மறுமொழி சொல்ல, இதை வழியெல்லாம் பழகிக்கொண்டு வா:

வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சு. குளிர்ப்பிரதேசம். மலைப்பாதை மூடிக்கிடக்கு.

அக்கா